கருப்பு, பழுப்பு, வெளிர் பழுப்பு: சிகாரை நிறம் பார்த்து வாங்கலாமா?

வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானோ சித்தப்பாவோ விமான நிலையக் கடையில் நின்றுகொண்டு வாட்ஸப்பில் இரண்டு பெட்டிகளின் படத்தை அனுப்புவார். ஒன்றில் வெளிர் பழுப்பு நிறத்தில் வழவழப்பான சிகார்கள். இன்னொன்றில் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும் கரிய சிகார்கள். “எது வேணும், சீக்கிரம் சொல்லு, போர்டிங் கூப்பிடறாங்க.” கருப்பு என்றால் காரமா, வெளுப்பு என்றால் லேசா, விலை ஒன்றாக இருந்தால் எதை எடுப்பது என்று நண்பர்களும் வாசகர்களும் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரி அவசரத்தில்தான்.

நிறத்தைப் பார்த்து, சிகாருக்கு மேலே சுற்றிய இலையை, அதாவது மேலிலையை, வெயிலில் வளர்த்தார்களா நிழலில் வளர்த்தார்களா, எவ்வளவு காலம் புழுங்க வைத்தார்கள் என்று ஓரளவு சொல்லலாம். இனிப்புப் பக்கமா, புல் வாசப் பக்கமா என்றும் ஊகிக்கலாம். தலை சுற்றுமா சுற்றாதா என்பதை மட்டும் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சென்னையில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: இந்த ஊர்க் காற்றில் எந்த மேலிலை தாக்குப்பிடிக்கும், எது வெடிக்கும், எது பாதியில் அணைந்துபோகும் என்பது. கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

ஏற்கெனவே சிகார் பிடிப்பவர்கள் தேர்ந்தெடுப்பதற்காக எழுதியது இது. பிடிக்காதவர் தொடங்குவதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது ருசி. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் கேள்வி, நல்லது கெட்டது அல்ல. இரண்டாவது வீரியம், அதாவது நிக்கோடின் தாக்கம். இதை ருசியோடு குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறான வாங்கல்கள் நடக்கின்றன. மூன்றாவது, எப்படி எரிகிறது: நேராகவா, கோணலாகவா, அடிக்கடி அணைகிறதா. நான்காவது, சென்னைப் புழுக்கத்திலும் ஏசி வறட்சியிலும் அது என்ன ஆகிறது. ஐந்தாவது விலை. சிகாரின் விலையோடு அதை வைத்துக் காப்பாற்றும் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## நிறம் எங்கிருந்து வருகிறது

கையால் சுருட்டிய சிகாரில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் நீளவாக்கில் மடித்த உள்ளிலைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்க ஓர் இலை, அதை பைண்டர் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நரம்பு பெரிதாகத் தெரியாத, ஓட்டை கிழிசல் இல்லாத ஒரே இலையைச் சாய்வாக வெட்டிச் சுற்றுவார்கள். அதுதான் ராப்பர் எனப்படும் மேலிலை. மொத்த எடையில் அது சொற்பம். ஆனால் ஓர் இலைக்கு அதிக விலை கொடுப்பது அதற்குத்தான்.

ருசியில் அறுபது எழுபது சதவீதம் மேலிலையிலிருந்தே வருகிறது என்று வியாபாரிகள் சொல்வார்கள். அது அளந்து பார்த்த கணக்கு அல்ல, விற்பனைப் பேச்சு. மேலிலையின் பங்கு சிகாரின் தடிமனைப் பொறுத்து மாறும். தடிமனை ஓர் அங்குலத்தின் 64-ல் ஒரு பங்கை அலகாக வைத்து ரிங் கேஜ் என்று சொல்வார்கள். 60 ரிங் கேஜ் என்றால் கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர் விட்டம். 38 என்றால் 15 மில்லிமீட்டர். தடிமன் கூடக்கூட உள்ளிலை வேகமாகப் பெருகும், மேலிலை அந்த அளவுக்குப் பெருகாது. 60-ஐவிட 38-இல் உள்ளிலைக்கு எதிரான மேலிலையின் பங்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் நிறம் பார்த்து ருசி தேடுபவர் ஒல்லியான சிகாரை வாங்க வேண்டும். கட்டைவிரலைவிடத் தடித்த ஒன்றை வாங்கிவிட்டு “மேலிலை வாசமே தெரியலையே” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இனி நிறம். நிழலில் வளர்ந்த இலை மெல்லியதாகவும் வெளிறியும் இருக்கும். நேர் வெயிலில் வளர்ந்தது தடித்து, எண்ணெய்ப்பசையோடு கறுக்கும். ஒரே செடியிலும் உச்சி இலைகளுக்கு வெயில் அதிகம், அவை தடிமன். அடியிலைகள் மெல்லியவை. பறித்த பிறகு கொட்டகையில் தொங்கவிட்டு மெதுவாகக் காயவைத்தால் பழுப்பு நிறம் வரும். அதன்பின் இலைகளைப் பெரிய குவியலாக அடுக்கிப் புழுங்க வைப்பார்கள். குவியலுக்குள் வெப்பம் தானாக ஏறும். அமோனியா வெளியேறும். காரல் குறையும். சூடு எல்லை மீறும்போது குவியலைக் கலைத்து மறுபடி அடுக்குவார்கள். இந்தப் புழுக்கலை அதிகச் சூட்டில், அதிக மாதம் நீட்டித்தால் இலை கறுத்து, ஓர் இனிப்புச் சாயல் வரும். மெல்லிய இலை அந்தச் சூட்டைத் தாங்காமல் கிழிந்துபோகும். ஆகவே இப்படிக் கறுத்த மேலிலை பெரும்பாலும் தடித்த இலைதான்.

நீண்ட புழுக்கலில் அந்த இலையின் நிக்கோடின் கொஞ்சம் குறையவே செய்யும். வீரியம் பெரும்பாலும் உள்ளிலையில் இருக்கிறது. அதிலும் செடியின் மேல்பகுதியில் விளையும் லிஹேரோ என்ற இலையை எவ்வளவு வைத்தார்கள் என்பதில். ஃபில்டர் காபியில் சிக்கரி கூடினால் டிகாஷன் கறுப்பாகத்தான் இறங்கும். சிக்கரியில் கஃபீன் கிடையாது. அந்த நிறத்தைப் பார்த்துத் தூக்கம் போய்விடும் என்று யாரும் பயப்படுவதில்லை.

உதாரணத்துக்கு இரண்டு சிகார்கள். மக்கனூடோ மடூரோ, பார்க்கக் கருப்பு, பிடிக்க மிதம். ஒலிவா சீரி வி, நடுத்தரப் பழுப்பு, ஆனால் லிஹேரோ நிறைய வைத்தது. வெறும் வயிற்றில் பிடித்தால் வியர்த்துவிடும்.

## வெளிர் பழுப்பு: கனெக்டிகட் ஷேட்

அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900-ஆம் ஆண்டு வாக்கில் வயலுக்கு மேல் துணிப்பந்தல் போட்டு வளர்க்கத் தொடங்கிய வகை. இப்போது இதே வகை ஈக்வடாரிலும் நிறைய விளைகிறது. அங்கே மேகமூட்டமே பந்தலாகிவிடுவதால் துணி தேவைப்படுவதில்லை. மக்கனூடோ கஃபே, ஆஷ்டன் கிளாசிக் போன்றவை இந்த மேலிலை போட்டவை.

ருசி: முந்திரி, பாலேடு, காய்ந்த வைக்கோல், மெல்லிய மரவாசம். காலையில் காபியோடு பிடிப்பவர்கள் இதைத்தான் தேடுவார்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கில் லேசான கசப்பு வரலாம். சூடு ஏற ஏற அது கூடும். அவசரமாக இழுப்பவருக்கு இது ஒத்துவராது.

இதன் பலவீனம் மெல்லிய தோல். ஏசி அறையில் ஈரப்பதம் ஐம்பதுக்குக் கீழேகூட இறங்கும். வெளியே மொட்டைமாடியில் கடற்காற்று, ஈரப்பதம் எண்பதைத் தொடும். உள்ளே காய்ந்திருந்த சிகாரை மாடிக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்தால் உள்ளிலை ஈரத்தை இழுத்து உப்பும். மேலிலையால் அந்த வேகத்துக்கு விரிய முடியாது. அடிப்பக்கத்திலிருந்து ஒரு கோடு போல வெடித்துக்கொண்டு வரும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மாடியில் பிடிப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்த சிகாரை ஏசி அறையில் மணிக்கணக்கில் திறந்து வைக்காமல், பெட்டியோடு மாடிக்கு எடுத்துப்போய் உடனே பற்றவைத்தால் பிரச்சினை பெருமளவு குறையும்.

நன்றாகப் பராமரித்தால் நேராக எரியும். புதிதாகச் சுவை பழகுபவருக்கும், பகல் நேரத்துக்கும், என்ன பிடிக்கும் என்று தெரியாத ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கவும் இதுவே நல்ல தேர்வு. ஆனால் வெளிர் நிறம் “உடம்புக்கு லேசு” என்று அர்த்தமல்ல. இதைப் பற்றிக் கீழே.

## நடுத்தரப் பழுப்பும் செம்பழுப்பும்: ஹபானோ, கொரோஹோ, கேமரூன், சுமத்ரா

இதை ஒரே வகை என்று சொல்வதே தப்பு. நிறத்தை மட்டும் நம்பினால் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஹபானோ, கொரோஹோ ஆகியவை கியூபா விதை வழி வந்தவை. கொரோஹோ, கியூபாவின் வுவெல்டா அபாஹோ பகுதியில் எல் கொரோஹோ என்ற பண்ணையில் உருவான ரகம். நோய் தாக்கியதால் 1990-களில் கியூபாவில் அசல் வடிவத்தில் பயிரிடுவதை நிறுத்திவிட்டு, நோய் தாங்கும் ஹபானோ ரகங்களுக்கு மாறினார்கள். நிகராகுவா, ஹோண்டுராஸ், ஈக்வடார் எல்லாம் இன்று இந்த வழி இலைகளை விளைவிக்கின்றன. மிளகு, தோல் வாசம், பட்டை, மரம் என்று போகும். முதல் சில இழுப்புகளில் நாக்கில் மிளகு சுள்ளென்று தெரியும்.

கேமரூன் இலை இதே நிறத்தில் இருக்கும், ஆனால் குணம் வேறு. தொட்டுப் பார்த்தால் சின்னச் சின்ன மேடுகள். எரிந்த பிறகு சாம்பலில்கூட அந்தப் புள்ளிகள் தெரியும். இயல்பான இனிப்பும் மிதமான வாசனைப் பொருள்களும் கலந்த ருசி. அர்துரோ ஃபுவெந்தே நிறுவனத்தின் ஹெமிங்வே வரிசை இந்த மேலிலைக்குப் பேர்போனது. என் விருப்பம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இலை மெல்லியது, சட்டென்று உடையும், விளைச்சலும் குறைவு என்பதால் விலை ஏறிக்கொண்டே போகும்.

சுமத்ரா வகை, இன்று பெரும்பாலும் ஈக்வடாரில் விளைவது, கொஞ்சம் பட்டை வாசம், கொஞ்சம் மண்வாசம். உள்ளிலைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் மேலிலை.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, வாயில்தான் தெரியும். ஆகவே பழுப்பு நிற சிகார் வாங்கும்போது நிறத்தைக் கேட்காதீர்கள். இலை எந்த ஊர், எந்த விதை என்று கேளுங்கள். சிகாரைச் சுற்றிய காகிதப் பட்டையிலோ (பேண்ட்) பெட்டியிலோ பெரும்பாலும் இருக்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும்.

கியூபா சிகார் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சுருட்டி முடித்தபின் ஒரு தனிப் பிரிவில் பல டஜன் சாயல்களாக நிறம் பிரித்து, ஒரே பெட்டியில் ஒரே சாயல் வரும்படி அடுக்குவார்கள். பெட்டிக்குள்ளும் இடமிருந்து வலமாகக் கருமையிலிருந்து வெளுமைக்குப் போகும். அது கண்ணுக்கான ஒழுங்கு. ஒரே வகையில் இரண்டு பெட்டிகள் இரண்டு சாயலில் இருந்தால் அவை வேறு சிகார் அல்ல. கருமையான பெட்டிக்கு அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அப்புறம், கண்ணாடி மூடி போட்ட கோஹிபா (கியூபாவின் ஒரு பிராண்ட்) பெட்டி யார் கொண்டுவந்து கொடுத்தாலும் அது போலி.

சென்னையில் எரியும் விதம் என்று பார்த்தால் இந்தப் பிரிவில் ஹபானோதான் சொன்னபடி கேட்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மணி நேரம் கையில் இருக்கும்போது, பழக்கம் உள்ளவருக்கு ஏற்றது.

## கருப்பு: மடூரோ

நீண்ட புழுக்கலில் கறுத்த மேலிலையைத்தான் மடூரோ என்பார்கள். இங்கே இரண்டு இலைகளின் பெயர் தெரிந்திருந்தால் போதும். ஒன்று கனெக்டிகட் பிராட்லீஃப். பந்தல் இல்லாமல் நேர் வெயிலில் வளர்த்து, இலை இலையாகப் பறிக்காமல் தண்டோடு வெட்டிக் காயவைப்பது. தடிமன், நரம்பு எல்லாம் முறுக்கிக்கொண்டு பார்க்க முரடாக இருக்கும். இன்னொன்று மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் சான் ஆந்த்ரேஸ் பள்ளத்தாக்கில் விளைவது. முதலாவதில் கருப்பட்டி, டார்க் சாக்லேட் வாசம் தூக்கலாக இருக்கும். இரண்டாவதில் வறுத்த காபிக்கொட்டையும் மண்வாசமும் மிளகும். லிகா பிரிவாதா நம்பர் 9 என்ற சிகார் பிராட்லீஃப் போட்டது. கியூபாவும் 2007-இல் கோஹிபா மடூரோ 5 என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. அதில் மேலிலையை ஐந்தாண்டு பழமையாக்குகிறார்கள்.

கார சாப்பாடு பழகிய நாக்குக்கு மடூரோ சீக்கிரம் பிடித்துப்போகும் என்பது என் எண்ணம். பிரியாணிக்குப் பிறகு கனெக்டிகட் ஷேட் பிடித்தால் வெறும் சூடான காற்றாகத்தான் தெரியும். மடூரோ அந்த மசாலாவைத் தாண்டி நாக்கில் நிற்கும். டபரா காபியோடும் நன்றாகப் போகும்.

சிக்கல்கள் இரண்டு. முதலாவது, தடித்த எண்ணெய்ப்பசை இலை மெதுவாக எரியும். மழைக்காலச் சென்னையில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அது ஈரத்தைக் குடித்துவிட்டால் அணைந்துகொண்டே இருக்கும். திரும்பத் திரும்பப் பற்றவைத்தால் கரி வாசம்தான் மிச்சம். வெளிநாட்டுக் கையேடுகள் 69, 70 சதவீத ஈரப்பதம் சொல்லும். மடூரோவை 62 முதல் 65-க்குள் வைத்தால் இங்கே ஒழுங்காக எரிகிறது.

இரண்டாவது, செயற்கைக் கருப்பு. மாதக்கணக்கில் புழுங்க வைக்கப் பணமும் பொறுமையும் வேண்டும். சில மலிவு ரகங்களில் ஆவியில் அவித்தோ சாயம் ஏற்றியோ கறுப்பாக்குவது உண்டு. நனைத்த வெள்ளை டிஷ்யூவால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். இளம்பழுப்புக் கறை எந்த நல்ல இலையிலும் வரும். மைபோலக் கறுப்பாக வந்தால் சந்தேகப்படலாம். ஒரு புள்ளி திட்டு இல்லாமல் சுத்தக் கறுப்பாக, மலிவாக இருப்பதும் அப்படியே. இயல்பான மடூரோவில் கொஞ்சம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

மடூரோவைவிடக் கறுப்பாக ஆஸ்குரோ என்று ஒன்று விற்பார்கள். உச்சி இலை, இன்னும் நீண்ட புழுக்கல். ருசி மடூரோவின் தொடர்ச்சிதான், இனிப்பு கொஞ்சம் குறைந்து மண்வாசம் கூடும். முதன்முறை வாங்குபவர் இதைத் தேடிப்போக வேண்டாம்.

## பச்சை: கண்டேலா

கொட்டகையில் மெதுவாகக் காயவைக்காமல், சூடேற்றிச் சில நாளில் காயவைத்துப் பச்சையத்தை அப்படியே நிறுத்திவிடும் முறை. புல், பச்சைத் தேயிலை, கொஞ்சம் மிளகு. 1950, 60-களில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. இப்போது அபூர்வம். வேடிக்கைக்கு ஒன்று பிடிக்கலாம். பெட்டியாக வாங்க வேண்டாம்.

## நம்ம ஊர்ச் சுருட்டு

திருச்சி உறையூர், திண்டுக்கல் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்து வரை போனது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே உண்டு. சென்னையில் சென்ட்ரல் பக்கம் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் சாமிக்குப் படைப்பதும் இந்தச் சுருட்டைத்தான்.

இதை மடூரோவோடு நிறம் வைத்து ஒப்பிடுபவர்கள் உண்டு. நிறம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வந்த வழி வேறு. இங்கே மேலிலையைத் தனிப்பயிராக வளர்த்து மாதக்கணக்கில் இனிப்பேற்றும் வேலை கிடையாது. ருசியும் நேரடி: புகை, மண், காரம். இரண்டு பக்கமும் திறந்திருக்கும், வெட்ட வேண்டாம். ஈரப்பதம் காக்கும் பெட்டி கேட்காது. விலை பெட்டிக்கடை விலை. வீரியம் அதிகம், நுணுக்கம் குறைவு. சின்ன நேரத்துக்குச் சின்னச் செலவில் பிடிப்பவர் இதிலேயே நின்றுவிடலாம். மடூரோ வாங்கி அதை ஒழுங்காகப் பராமரிக்காமல் கெடுப்பதைவிட அது மேல்.

## ஒரே பார்வையில்

| மேலிலை | ருசி சாய்வு | எரியும் விதம் | சென்னையில் கவனிக்க வேண்டியது | ஏற்ற நேரம் |
|---|---|---|---|---|
| கனெக்டிகட் ஷேட் | முந்திரி, பாலேடு, வைக்கோல் | நேராக, சீராக | ஏசியிலிருந்து வெளியே போனால் வெடிக்கும் | காலை, காபியோடு |
| கேமரூன் | இயல்பான இனிப்பு, மிதமான வாசனை | நன்று, ஆனால் மெல்லியது | கையாளும்போதே உடையலாம் | மாலை |
| ஹபானோ, கொரோஹோ | மிளகு, தோல், மரம் | நம்பகமானது | தனிக் கவலை இல்லை. வயிறு நிறைந்திருக்கட்டும் | இரவு உணவுக்குப் பின் |
| மடூரோ | கருப்பட்டி, சாக்லேட், காபிக்கொட்டை | மெதுவாக, அணையக்கூடும் | 65-க்கு மேல் ஈரம் ஏறவிடக் கூடாது | மசாலா சாப்பாட்டுக்குப் பின் |
| கண்டேலா | புல், தேயிலை | வேகமாக | கிடைப்பதே அரிது | ஆசைக்கு ஒருமுறை |
| திருச்சி, திண்டுக்கல் சுருட்டு | புகை, மண், காரம் | ஒவ்வொன்றும் ஒரு விதம் | பராமரிப்பு தேவையில்லை | எப்போதும் |

வீரியத்துக்கு இந்த அட்டவணையில் இடம் கொடுக்கவில்லை. மேலிலையை வைத்து அதை நிரப்பினால் பொய்யாகிவிடும்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

முதல் செலவு பெட்டி. கடைகளில் விற்கும் அழகான மரப்பெட்டிகள் வறண்ட, குளிர்ந்த நாடுகளுக்காக, உள்ளே ஈரம் சேர்ப்பதற்காகச் செய்தவை. இங்கே பிரச்சினை தலைகீழ். வெளியே ஏற்கெனவே ஈரம் அதிகம். காற்றுப் புகாத நல்ல பிளாஸ்டிக் டப்பாவும், ஈரத்தை வாங்கவும் விடவும் தெரிந்த போவெடா பாக்கெட்டும் போதும். மர வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாக்கெட்டுகளை நெடுநாள் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது செலவு பூச்சி. புகையிலை வண்டின் முட்டை இலையோடு வந்திருக்கலாம். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் அது பொரிக்கும் வாய்ப்பு கூடும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும் ஊரில், பூட்டிய வீட்டில் டப்பாவை விட்டுவிட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது ஊசி குத்தியதுபோல ஓட்டைகள் இருக்கும். புதிதாக வந்த சிகாரை நன்றாக மூடிய பையில் போட்டு ஒருநாள் ஃப்ரிட்ஜ், மூன்று நாள் ஃப்ரீசர், மறுபடி ஒருநாள் ஃப்ரிட்ஜ் என்று வைத்துப் பிறகு டப்பாவுக்கு மாற்றுவது வழக்கம். நேராக ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தால் மெல்லிய மேலிலை வெடிக்கும். அதிலும் முதலில் பலியாவது கனெக்டிகட் ஷேடும் கேமரூனும்தான்.

மூன்றாவது, வரி. வெளிநாட்டிலிருந்து தீர்வை இல்லாமல் ஒருவர் கொண்டுவரக்கூடியது 25 சிகார்வரை. மேலே போனால் தீர்வை கட்ட வேண்டும். உள்ளூர்க் கடையில் பெட்டியின் மேல் 85 சதவீதப் பரப்புக்கு எச்சரிக்கைப் படம் இல்லாவிட்டால், வரி கட்டாமல் வந்த சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சரக்கு எங்கே, எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. விலை குறைவாக இருப்பது அதனால்தான்.

நான்காவது, இடம். பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை. ரொபஸ்டோ என்ற குட்டையான, தடித்த அளவு சிகாருக்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடியும் சொந்தமில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் பிடிக்கவில்லை என்றால், எந்த நிறம் வாங்கினாலும் அது டப்பாவிலேயே கிடக்கும்.

ஐந்தாவதுதான் பெரியது. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவுக்குக்கூடப் புகையிலை இருக்கலாம். சிகார் புகை காரத்தன்மை உள்ளது என்பதால், நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிக்கோடின் வாய்த்தோல் வழியாகவே ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து வெளிர் நிறத்துக்குக் குறைவு என்று எந்த ஆதாரமும் இல்லை. “டாக்டர் குறைக்கச் சொன்னார், அதனால் கனெக்டிகட்டுக்கு மாறிவிட்டேன்” என்பவர், குறைக்கவில்லை, நிறத்தைத்தான் மாற்றியிருக்கிறார். விட நினைப்பவருக்கு 1800-112-356 என்ற இலவச எண் இருக்கிறது.

## யாருக்கு எது

காலை அல்லது பகல் நேரம், காரம் வேண்டாம், டப்பா ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள் என்றால் கனெக்டிகட் ஷேட். டப்பா இல்லை, ஒன்றிரண்டு வாங்கி அன்றே பிடிப்பது என்றாலும் அதுவே.

வீடு முழுக்க ஏசி, பிடிப்பது மாடியில் என்றால் தடித்த மேலிலைப் பக்கம் போங்கள். ஹபானோ அல்லது மடூரோ. வெடிப்புத் தொல்லை குறையும். அதே மாடியில் மழைக்காலம் என்றால் மடூரோவைத் தவிர்த்து ஹபானோ.

வருடத்தில் சில நாள் மட்டும் பிடிப்பவர் பெட்டியாக வாங்கவே வேண்டாம். சென்னையில் ஒரு பெட்டியை ஒரு கோடை தாண்டிக் காப்பாற்றுவது தனி வேலை. ஐந்து சிகார் கொண்ட கலவைப் பேக் போதும், நிறம் எதுவானாலும்.

மேலதிகாரிக்கோ மாமனாருக்கோ பரிசு என்றால், அவர் ஏற்கெனவே என்ன பிடிக்கிறார் என்று கேட்டு அதையே வாங்குங்கள். கேட்க முடியாவிட்டால் வெளிர் பழுப்பு. கருப்பு வாங்கிக் கொடுத்தால் “ரொம்ப ஸ்ட்ராங்” என்று நிறத்தைப் பார்த்தே ஒதுக்கி வைத்துவிடுவார், பிடித்துப் பார்க்காமலே.

இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்களுக்கு ஒரு சோதனை. பத்ரோன் போன்ற சில தயாரிப்பாளர்கள் ஒரே சிகாரை இயல்பான பழுப்பிலும் மடூரோவிலும் தருகிறார்கள். ஒரே அளவில் இரண்டும் ஒவ்வொன்று வாங்கி, ஒரே டப்பாவில் 65 சதவீதத்தில் இரண்டு வாரம் கிடக்கட்டும். வேறு வேறு நாளில், ஒரே மாதிரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே இடத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளிலை பெருமளவு ஒன்றுதான் என்பதால் நாக்கில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு மேலிலையினுடையது. பிடித்ததன் இலை எந்த நாட்டுடையது, எந்த விதை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடையிலிருந்து படம் வந்தால், நிறத்தைச் சொல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லலாம்.